மலையில் ஒரு செமஸ்டர்: பணம் கட்டுவதற்கு முன்னால் படித்துவிடுங்கள்

"அக்கா, அந்தக் கொடைக்கானல் செமஸ்டருக்குப் போகலாமா?" என்று ஜூனியர்களில் யாராவது ஒருத்தர் மெசேஜ் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் அனுப்பி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். போகலாம். தாராளமாகப் போகலாம். ஆனால் கிரெடிட் விஷயத்தை, அதாவது மேலே எழுதும் பேப்பர்களை உங்கள் கல்லூரிக் கணக்கில் சேர்ப்பதை, கையெழுத்தோடு முடித்துக்கொண்டு, அதற்கப்புறம் மலை ஏறுங்கள். நடத்துகிறவர்களின் பெயரைப் போடவில்லை, குறையும் சொல்லப்போகிறேன் என்பதால். கிறிஸ்தவக் கல்லூரியில் படிக்கிறவர்களுக்கு நோட்டீஸ் போர்டைப் பார்த்தாலே எது என்று புரிந்துவிடும்.

தெரியாதவர்களுக்கு: ஒரு செமஸ்டர் முழுக்க உங்கள் கல்லூரியை விட்டு மேலே வந்து தங்கிப் படிப்பதுதான் திட்டம். மலைச் சூழலியல், மிஷன் வரலாறு, சமூகப் பணி என்று சில பேப்பர்கள், கடைசியில் ஒரு ப்ராஜெக்ட். பெயர் உங்கள் கல்லூரிப் பதிவேட்டிலேயே இருக்கும், பரீட்சையும் மார்க்கும் மேலே. நான் மதுரையிலிருந்து போனவள், பி.ஏ. வரலாறு, இரண்டாம் வருடத்து ஜூன் செமஸ்டர். எங்கள் பேட்ச்சில் திருநெல்வேலி, திருச்சி, நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கிறிஸ்தவக் கல்லூரிகள் பெரும்பாலும் சின்னவை, ஒவ்வொன்றும் தனியாக வெளியூரில் ஒரு மையம் வைத்து நடத்தக் கட்டுப்படியாகாது, அதனால் கூட்டுச் சேர்ந்து நடத்துகிறார்கள். வாஷிங்டனில் தங்கிப் படிக்கும் அமெரிக்கன் ஸ்டடீஸ் ப்ரோக்ராம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்கு முந்தின வருடம் ஓரிகன் மாநிலத்து மலையில் ஒரு பழைய மரம்வெட்டிகள் குடியிருப்பில் ஓரிகன் எக்ஸ்டென்ஷன் என்று ஒன்றைத் தொடங்கினார்கள், மரவீட்டில் தங்கி, புத்தகம் படித்து, சுற்றி உட்கார்ந்து பேசுவதுதான் அங்கே பாடம். சூழலியல் படிக்க மிச்சிகன் காட்டுக்குள் ஆ சேபிள் நிலையம் இருக்கிறது. நம் பக்கத்திலேயே, கோவை பிஷப் அப்பாசாமி கல்லூரியில், அங்கிருந்து வருகிற மாணவர்களுக்காக இந்தியா ஸ்டடீஸ் ப்ரோக்ராம் என்று சில வருடம் நடந்தது. அங்கெல்லாம் எந்தப் பேப்பருக்கு எது சமம் என்பதை அனுப்புகிற கல்லூரிகள் முதலிலேயே பேசி வைத்திருக்கும், பையனோ பெண்ணோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். இங்கே அந்த ஓரிகன் மலைவீட்டையும் சுற்றி உட்கார்ந்து பேசுவதையும் கொண்டுவந்துவிட்டார்கள், ஆபீஸ் வேலையை மட்டும் மாணவர் தலையில் விட்டுவிட்டார்கள். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் நல்லது. ஃபீல்டு நாட்கள். இதற்காகவே போகலாம் என்று சொல்வேன்.

சூழலியல் எடுத்த சார் முதல் வாரமே எங்களை வாட்டில் என்கிற சீகை மரத் தோப்புக்குள் கூட்டிப்போய் "இது காடா?" என்று கேட்டார். பச்சைப்பசேலென்று அடர்த்தியாக இருக்கிறது, ஆமாம் என்றோம். பறவைச் சத்தம் கேட்கிறதா, கீழே என்ன செடி முளைத்திருக்கிறது, பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்றார். சீகை, பைன், தைலமரம் எல்லாம் வெளிநாட்டு மரங்கள், தோல் பதனிடவும் கூழ் ஆலைகளுக்கும் என்று வனத்துறையே கொண்டுவந்து வைத்தவை. அதற்கு முன்னால் மேட்டில் இருந்தது புல்வெளி, பள்ளத்தாக்கு மடிப்புகளில் மட்டும் சோலை என்கிற இயற்கையான மலைக்காடு. கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடரில் நாற்பது வருடத்துக்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு 2018-ல் வந்திருக்கிறது, அந்த வரைபடத்தை ஒரு பாறை மேல் விரித்து, நாங்கள் நின்றுகொண்டிருந்த இடம் பழைய படத்தில் என்ன நிறம் என்று எங்களையே கண்டுபிடிக்கச் சொன்னார். கொடைக்கானலுக்கு வருடம் தவறாமல் குடும்பத்தோடு வந்து பைன் காட்டில் போட்டோ எடுத்தவள் நான், அது நட்டு வளர்த்த தோப்பு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

அதோடு விட்டிருந்தால் சாதாரணப் பாடம். கூட வந்த உள்ளூர் அண்ணன், வனத்துறையில் வேட்டைத் தடுப்புக் காவலராக இருந்தவர், முட்டி போட்டு உட்கார்ந்து சீகைச் சருகை விலக்கிக் காட்டினார். கீழே விரல் உயரத்தில் சோலைக் கன்றுகள். இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து ஒவ்வொன்றாகப் பெயர் சொன்னார், சார் பக்கத்தில் நின்று தாவரவியல் பெயரைச் சொன்னார், இரண்டு இடத்தில் சாரை அண்ணன் திருத்தினார், சாரும் சிரித்துக்கொண்டே நோட்டில் அடித்து எழுதினார். அப்படியானால் சீகையை வெட்டிப் புல்வெளியைத் திரும்பக் கொண்டுவருவதா, நிழலில் சோலை தானாக வளரட்டும் என்று விட்டுவிடுவதா? வெட்டினால் சீகை விதை மறுபடி கொத்துக் கொத்தாக முளைக்கிறது, விட்டால் புல்வெளி போனது போனதுதான். எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது, ராத்திரி மெஸ்ஸிலும் அதே சண்டை. சார் தன் கட்சி எது என்று கடைசி வரை வாய் திறக்கவில்லை, நீ எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கத்துக்கு வாதாடிக் கட்டுரை எழுது என்று சொல்லிவிட்டார். மூன்று வருடப் படிப்பில் என்னை நிஜமாக யோசிக்க வைத்த அசைன்மென்ட் அது ஒன்றுதான்.

இடையில் ஒன்று: பிராஸ்பெக்டஸ் அட்டையில் மலை முழுக்க நீலமாகக் குறிஞ்சிப் படம் போட்டிருப்பார்கள். அது 2018-ல் பூத்தது. அடுத்தது 2030. படத்தை நம்பி வராதீர்கள்.

மிஷன் வரலாறு பேப்பர் ஜெபக்கூட்டத்தின் நீட்சியாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன், மேடம் வேறு ரகம். 1845-ல் மதுரையிலிருந்து அமெரிக்க மிஷனரிகள் மேலே வந்து இரண்டு பங்களா கட்டினார்கள், கீழே காலராவும் காய்ச்சலும் குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனதால் குளிர்ச்சியான இடம் தேடினார்கள், முதலில் சிறுமலையை முயன்று அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. இதே மிஷன்தான் 1881-ல் பசுமலையில் கல்லூரி தொடங்கியது, இன்றைய மதுரை அமெரிக்கன் கல்லூரி. இதெல்லாம் புத்தகத்தில் கிடைக்கும். மேடம் கேட்டது ஒரே கேள்வி: மலைப்பாதை ரோடு வராத காலத்தில் இவர்களையும் இவர்கள் பெட்டி படுக்கையையும் தூக்கிக்கொண்டு ஏறியது யார், அவர்கள் பெயர் எந்தக் கல்லறையில் இருக்கிறது? கேட்டுவிட்டு வட்டகானலிலிருந்து வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வழியாக அடிவாரத்துக் கும்பக்கரை வரை எங்களை நடக்க வைத்தார். இறங்குவதற்கே முட்டி விட்டுப்போனது, டோலியில் ஆளை உட்கார வைத்துத் தோளில் சுமந்து ஏறியதை நினைத்தால் வாயடைத்துப் போகிறது. வெள்ளகவியில் ஊர் எல்லைக்குள் செருப்பு போடக் கூடாது, ஊரே கோயில் மாதிரி, எல்லோரும் சேறு அப்பிய ஷூவைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு வரிசையாகப் போனோம், ஒரு பாட்டி எங்கள் பாதத்தைப் பார்த்து "இந்தக் காலை வச்சிக்கிட்டா பெரியகுளம் வரைக்கும் போகப் போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார்.

பூம்பாறையில் பூண்டு விவசாயி ஒருவர் வீட்டில் ஒரு பகல். வெளியே சுற்றுலாக்காரர்கள் படிக்கட்டு வயலைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, உள்ளே அந்த அம்மா பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார், மேலே பரணில் கட்டுகள் வரிசையாகத் தொங்குகின்றன, கீழே புகை, கண் எரிகிறது, சுவர் கரி பிடித்து மினுமினுக்கிறது. எங்களையும் கட்டச் சொன்னார். நான் கட்டிய கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பிரித்து மறுபடி கட்டினார். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, விலை ஏறியதா என்று எங்களில் ஒருத்தன் கேட்டான். "விலையை வடுகபட்டி சந்தையில சொல்லுவாங்க தம்பி, நாங்க கேட்டுக்குவோம்" என்றார். பொருளாதாரம் படிக்கிற அந்தப் பையன் தன் ப்ராஜெக்ட்டையே வடுகபட்டிக்கு மாற்றிக்கொண்டான், வாரக்கடைசியில் பஸ் பிடித்துக் கீழே போய் கமிஷன் கடையில் உட்கார்ந்திருப்பான்.

செண்பகனூர் மியூசியம், 1899-ல் தொடங்கி, நூறு வருடத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்துவரும் வானாய்வகம் எல்லாம் உண்டு. 1909-ல் எவர்ஷெட் சூரியப் புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கமாக ஓடுவதைக் கண்டுபிடித்தது இங்கேதான். நாங்கள் போன அன்று மேகம், சூரியனைப் பார்க்க முடியவில்லை. பாதரசத் தெர்மாமீட்டர் தொழிற்சாலை விவகாரத்துக்கும் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள், மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய கண்ணாடிச் சில்லு கிடந்ததிலிருந்து 2001-ல் ஆலை மூடியது, 2016-ல்தான் முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது என்பது வரை. அதற்கு இன்னும் ஒரு வாரம் தந்திருக்கலாம். பதிலாக தலைமைப் பண்பு வளர்ப்பு என்று கயிறு இழுக்கவும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கவும் வைத்த நாட்களை அப்படியே தூக்கிவிடலாம், ஒருத்தருக்கும் நஷ்டமில்லை.

எனக்குப் பிடிக்கவே பிடிக்காதது பளியர் பழங்குடிக் குடியிருப்புக்குக் கூட்டிப்போன விதம். எக்ஸ்போஷர் விசிட் என்று பெயர். வேனில் போய் இறங்கினோம், பிஸ்கட் பாக்கெட்டும் போர்வையும் கொடுத்தோம், குரூப் போட்டோ எடுத்தோம், ஒரு பாட்டு பாடினோம், கிளம்பினோம். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் போட்டோவுக்கு நிற்காமல் தள்ளிப்போய்த் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார், அவர்தான் அந்த இடத்தில் சரியாக நடந்துகொண்டவர். நான் ஃபீட்பேக் படிவத்தில் இதைப் பக்கம் பக்கமாக எழுதினேன். சோலைக் கன்றுகளைக் காட்டிய காவலர் அண்ணனும் பளியர்தான், அவரிடம் நாங்கள் மாணவர்களாக உட்கார்ந்து கற்றுக்கொண்டோம், அதே நிர்வாகம் அவருடைய உறவுக்காரர்கள் வீட்டு வாசலில் எங்களைத் தர்மம் பண்ண நிறுத்தியது. இரண்டையும் ஒரே அட்டவணையில் எப்படிப் போட்டார்கள் என்று இன்னமும் புரியவில்லை.

ஜெபம் பற்றிக் கேட்கிறவர்கள் அதிகம். கிறிஸ்தவக் கல்லூரி மாணவர்களுக்கான திட்டம் என்றாலும் வருகிறவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள் கிடையாது, நம் கல்லூரிகளில் யார் படிக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். என் ரூம்மேட் பழனிக்காரி, முருக பக்தை. காலை ஆராதனைக்கு வருகை கட்டாயம், பங்கெடுப்பது கட்டாயமில்லை. அவள் பின்வரிசையில் உட்கார்ந்து ரெக்கார்டு எழுதுவாள், யாரும் ஒன்றும் சொன்னதில்லை. உண்மையில் சண்டை எங்களுக்குள்தான். சி.எஸ்.ஐ. பிள்ளைகளுக்குக் கீர்த்தனை வேண்டும், பெந்தெகொஸ்தே பிள்ளைகளுக்குக் கைதட்டி கிட்டாரோடு பாட வேண்டும், ஆர்.சி. பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை சலேத் மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போக வேன் வேண்டும். பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயிலுக்கு மேடம் கூட்டிப்போனபோது இரண்டு பேர் உள்ளே வர மாட்டோம் என்று வாசலிலேயே நின்றுவிட்டார்கள், மேடம் வற்புறுத்தவில்லை, கோயில் வரலாற்றை அவர்களுக்காக வாசலில் நின்றே சொன்னார். அன்றைக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

சரி, கிரெடிட்.

காகிதத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. யு.ஜி.சி. 2021-ல் அகடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் கொண்டுவந்துவிட்டது, ஓரிடத்தில் வாங்கிய கிரெடிட் இன்னோரிடத்தில் செல்லும், ஏழு வருடம் வரை கணக்கில் இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் கிரெடிட்டை ஏற்ற வேண்டியது பதிவு செய்த கல்வி நிறுவனம். இந்த மலை மையம் பல்கலைக்கழகமும் இல்லை, கல்லூரியும் இல்லை. அதனால் மேலே எழுதிய பேப்பரை உங்கள் கல்லூரி தன் பேப்பராக ஏற்றுக்கொண்டால்தான் மார்க் ஷீட்டில் வரும். தன்னாட்சிக் கல்லூரி என்றால் போர்டு ஆஃப் ஸ்டடீஸும் அகடமிக் கவுன்சிலும் ஒத்துக்கொள்ள வேண்டும், தன்னாட்சி இல்லை என்றால் விஷயம் பல்கலைக்கழகம் வரை போகும், அந்தக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எனக்கு நடந்தது இது. மிஷன் வரலாறு மேஜர் பேப்பராகப் போனது, பிரச்சினை இல்லை. மலைச் சூழலியலை வரலாற்று மாணவிக்கு எதில் சேர்ப்பது என்று யாருக்கும் தெரியவில்லை, வேறு துறைப் பாடமாக எடுக்கும் நான்-மேஜர் எலெக்டிவில் போட்டார்கள், நான் அதை முதல் வருடமே முடித்திருந்தேன், எனவே அது கூடுதல் கிரெடிட் ஆகிவிட்டது. கூடுதல் கிரெடிட் மார்க் ஷீட்டின் அடியில் அலங்காரமாக நிற்கும், எதற்கும் உதவாது. அந்த செமஸ்டரில் கல்லூரியில் நடந்த ஒரு கோர் பேப்பர் எனக்கு எழுதாத பேப்பராகப் பாக்கி விழுந்தது. மையத்து ஒருங்கிணைப்பாளர் "உங்க காலேஜ்ல பேசிட்டோம்மா" என்று ஜூனிலிருந்து நவம்பர் வரை சொன்னார். என் கல்லூரி சி.ஓ.இ. (தேர்வுக் கட்டுப்பாட்டு அதிகாரி) ஆபீஸில் கேட்டால் "எங்களுக்கு லெட்டரே வரலியேம்மா." ஊருக்கு இறங்கி வந்தபின் அரியர் அட்டவணையில் அந்தப் பேப்பரைத் தனியாகப் படித்து எழுதிப் பாஸ் பண்ணினேன், அட்டெண்டன்ஸ் இல்லை என்று அதற்கும் ஒரு பஞ்சாயத்து. என் துறை மேடம் ஒருவர் எனக்காக ஆபீஸ் ஆபீஸாக நடக்கவில்லை என்றால் வருடம் போயிருக்கும். நாகர்கோவில் பெண்ணுக்கு எல்லாமே சரியாக நடந்தது, அவள் கல்லூரியில் ஏற்கனவே சீனியர்கள் போயிருந்தார்கள், பேப்பருக்குப் பேப்பர் சமம் எழுதிய தாள் தயாராக இருந்தது.

ஆகவே பணம் கட்டும் முன்னால் துறைத் தலைவரிடம் உட்கார்ந்து, மேலே நடக்கும் ஒவ்வொரு பேப்பருக்கும் எதிரே உங்கள் கல்லூரிப் பேப்பர் கோட் நம்பரை எழுதி, அவர் கையெழுத்தும் சி.ஓ.இ. கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, ஒரு நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். "பார்த்துக்கலாம்" என்று யார் சொன்னாலும், பிரின்சிபாலே சொன்னாலும், கிளம்பாதீர்கள். உதவித்தொகை வாங்குகிறவர்கள் அந்த மேசையிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ரூம்மேட் புதுமைப் பெண் பணம் நின்றுவிடும் என்று பயந்துகொண்டே வந்தாள், பதிவேட்டில் பெயர் இருந்ததால் மாதாமாதம் வந்துவிட்டது. கல்லூரி ஹாஸ்டல் இடத்தை விடாமல் வைத்திருந்தால் இரண்டு இடத்திலும் கட்ட வேண்டி வரும், இங்கே தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் சேர்த்து எங்கள் ஹாஸ்டலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஆகிறது.

சாப்பாடு: கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், மறுபடி கேரட். வெள்ளிக்கிழமை முட்டை, ஞாயிறு கோழி. சமையல் அக்கா கை நல்ல கை, பொருள்தான் திரும்பத் திரும்ப அதே. வெந்நீர் காலையில் மட்டும், விறகு பாய்லர், முதலில் எழுந்தவருக்குக் கொதிக்கிறது, கடைசி ஆளுக்கு வெதுவெதுப்பு. அக்டோபர் மழையில் துணி காயவே காயாது, டார்ம் முழுக்க ஈரக் கம்பளி நாற்றம். அட்டைக்குச் சோலைக்குள் போகும்போது சாக்ஸில் உப்பும் மூக்குப்பொடியும் தேய்த்துக்கொள்வோம். போனை ராத்திரி வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், முதல் வாரம் எல்லோரும் புலம்பினோம், அப்புறம் பழகிவிட்டது, வீட்டில்தான் பழகவில்லை, என் அப்பா மையத்து லேண்ட்லைனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கேட்டுக்கு வெளியே தனியாகப் போக விடமாட்டார்கள், அது ஒழுக்கத்துக்கான விதி என்று நினைத்துச் சண்டை போடாதீர்கள், மெஸ் பின்பக்கம் காட்டுமாடு நிற்கும்.

பெற்றோர் பார்க்க வருவதாக இருந்தால் சொந்த வண்டிக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதம் தொடங்கிய நடைமுறை, ஆன்லைனில் எடுத்துவிடலாம். வத்தலக்குண்டிலிருந்து பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை, வயிறு தாங்குமானால்.

ஜூன் பேட்ச்சா டிசம்பர் பேட்ச்சா என்றால் ஜூன்தான். டிசம்பர் பேட்ச்சில் குளிர் அதிகம், ஏப்ரலில் சீசன் கூட்டம் வந்துவிட்டால் வேன் ஏரியைத் தாண்டவே பாதி நாள் ஆகிறது, ஃபீல்டு நாட்கள் கெட்டுப்போகின்றன என்று அந்த பேட்ச் பிள்ளைகள் சொன்னார்கள். தாவரவியல், விலங்கியல், வரலாறு, சமூகப்பணி, பொருளாதாரம் படிக்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு விண்ணப்பிக்கலாம். பி.காம்., கணினிப் பிள்ளைகளுக்கு அந்த சமம் போடும் தாளில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும், யோசித்துச் செய்யுங்கள். காப்புத்தொகையைத் திருப்பித் தந்துவிட்டார்கள், டார்ச் லைட் ஒன்று காணவில்லை என்று மொத்த டார்முக்கும் பங்கு போட்டுக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு.